ஏரிக்கொட்டாய் வழியாக நாலு மைல்

கம்பவுண்டர் உத்தியோகத்துக்கு வருகிறவன் முதலில் வாசலோடு விட்டுவிட்டு வர வேண்டியது தன் மூக்கை. சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி தனியாகப் பிரிந்த புதிதில் நான் மாரண்டஹள்ளியில் ஒரு டாக்டரிடம் சேர்ந்தேன். மருந்து கலக்குவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, கட்டுப் போடுவது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டன. சர்க்கரைக்காரர்கள் தேங்காயெண்ணெய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரும் சமாச்சாரத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சுவது மட்டும் கடைசிவரை பழகவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது 'தினமும் நடக்கவும்' என்று டாக்டர் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பீர்கள். நானும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன். நமக்குள் என்ன வெட்கம்? ஏன் நடக்கவில்லை என்று வீட்டில் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் சில காரணங்கள் இருக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல் நிறம்

நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பேன். நீலமாகவே இருந்தால் தப்பித்தீர்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் செங்கல் நிறம் வரும். ஜவுளிக்கடை மாதப்பனுடையது கொதி வருவதற்கு முன்பே செங்கல் ஆகிவிட்டது. மனிதருக்கு நாற்பத்தைந்து வயது. இருபது வருஷமாகக் கடை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணியைக் கிழித்துக் கொடுப்பதைத் தவிர உடம்பை அசைக்காதவர்.

டாக்டர் ஒரு குண்டூசியால் அவருடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். மாதப்பன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியவேயில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார், சோற்றைக் குறைக்கச் சொன்னார், 'தினமும் நாலு மைல் வேகமாக நடக்கவும்' என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். நடக்காவிட்டால் கால் போய்விடும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். இதே வியாதியில்தான் மாதப்பனின் அண்ணனுக்கு வெளியூரில் காலை எடுத்தார்கள், மூன்றாம் மாதம் ஆளும் போய்விட்டார். சீட்டை மடித்துக்கொண்டே மாதப்பன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கண்ணனப் பொதைச்ச எடம் தெரியுங்க. வெட்டுன கால எங்க பொதைச்சாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியலைங்க. எனக்கு அப்பிடி ஆவக் கூடாதுங்க."

காணாமற்போன எருமை

முதல் மூன்று நாள் கடைவீதியிலேயே நடந்து பார்த்தார். ஒரு பக்கம் சாக்கடை, மறு பக்கம் கட்டைவண்டிகள், நடுவில் ஓசூர் பஸ். பத்தடிக்கு ஒருவர் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். எதற்கு நடக்கிறீர்கள் என்றால் சும்மாதான் என்பார். எங்கள் ஊரில் யாரும் சும்மா நடந்ததில்லை. கையில் ஒன்றுமில்லாமல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புகிற ஆள் எதையோ தொலைத்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கயிற்றோடு வந்து கடை வாசலில் நின்றார். கயிற்றின் மறுமுனையில் ஒரு எருமை நின்றது. "ரெண்டு நாளாத் தேடறீங்களாமே, இதானான்னு பாருங்க. இல்லைன்னா நான் கட்டிக்கறேன்."

சாரதா டீச்சரின் குடம்

இதே சமயத்தில் எங்களிடம் இன்னொரு சர்க்கரைக்காரர் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த சாரதா டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் வயல்பக்கமாகத் தனியாக விறுவிறுவென்று நடப்பார். எங்கள் பக்கத்துக் கிணறுகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் கிடையாது, எட்டிப் பார்த்தால் அடியில் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். ஒரு பெண்பிள்ளை வெறுங்கையோடு அந்தப் பக்கம் வேகமாகப் போனால் ஊர் ஒன்றே ஒன்றைத்தான் நினைக்கும்.

முதல் நாள் இரண்டு பேர் சத்தமில்லாமல் பின்னாலேயே போனார்கள். மறுநாள் ஐந்து பேர். மூன்றாம் நாள் டீச்சர் திரும்பிப் பார்த்தபோது கயிறும், கிணற்றில் விழுந்ததைக் கொக்கி மாட்டித் தூக்குகிற பாதாளக்கொலுசும் எடுத்துக்கொண்டு ஒரு கூட்டமே பின்னால் வந்து, அவர் நின்றதும் தானும் நின்றது. மறுநாள் முதல் அவர் ஒரு வெண்கலக் குடத்தோடு கிளம்பினார், பின்தொடர்வது நின்றது. மாத்திரை வாங்க வந்தபோது என்னிடம் சொன்னார்: "தண்ணிகூட வேண்டாம் சார், வெறுங்குடம் போதும். குடம் இருந்தா நடக்கறேன், இல்லேன்னா சாகப்போறேன்."

யாருடைய பெயர்

மாதப்பனுக்கு வழி பார்த்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான். ஊருக்கு வெளியே ஏரியை ஒட்டி இருபது வீடுகள் இருந்தன, ஏரிக்கொட்டாய் என்பார்கள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ் பேசுகிற சனங்கள். அங்கே தொட்டம்மா என்ற எருமைக்காரப் பெண்மணியின் புருஷனுக்கு நெஞ்சு வியாதி. அவருக்கு ஊசி போட நான் தினமும் காலையில் சைக்கிளில் போவேன். பாதை சமமான மணல், இருபுறமும் புங்கமரம், வண்டி வாகனம் கிடையாது. கொட்டாயைத் தாண்டி ஏரிப்பக்கம் வளைந்து திரும்பினால் நாலு மைல். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றேன்.

மாதப்பன் சீட்டில் உள்ளபடியே செய்தார். விடியலில் வெள்ளை வேட்டியோடு, தோளில் துண்டு, வெறுங்கை, வேக நடை. யாராவது மோர் கொடுத்தால் வேண்டாம். உட்காரச் சொன்னால் மாட்டேன். மூச்சு வாங்கியதால் பேச்சும் இல்லை. இந்த லட்சணம் முழுவதும் எங்கள் பக்கத்தில் வேறொரு வேலைக்கு உரியது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வெளியூரில் சாவு என்றால் சேதி சொல்ல வருகிற ஆள் இப்படித்தான் விடியலில் வெறுங்கையோடு வேகமாக வருவார். வீட்டுக்குள் நுழைய மாட்டார், உட்கார மாட்டார், ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். யாருக்குச் சேதியோ அந்த வாசலில் நின்று பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவர் நடந்த முதல் நாளே நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது ஏரிக்கொட்டாய் முழுவதும் வெளியே நின்றது. ஒரு கூரையிலும் புகை இல்லை. எருமைகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன, ஒருவரும் கறக்கவில்லை. பெண்கள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தூரத்தில் சிறிதாகிப் போய்க்கொண்டிருந்த வெள்ளை வேட்டியையே பார்த்தார்கள். தொட்டம்மா என் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "யாரு சத்தோதரு?" என்று முதலில் கன்னடத்தில் கேட்டாள். பிறகு நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "செத்தது யாருங்க? அவுரு பேரச் சொல்லாமயே போறாருங்களே!"

முள்

சர்க்கரை, டாக்டர், நடை என்று நான் அவர்களுக்கு விளக்கினேன். தலையை ஆட்டினார்கள். நம்பினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் சென்றது. ஒரு விடியலில் மாதப்பனுடைய செருப்பில் முள் ஏறிவிட்டது. குனிந்து அதைப் பிடுங்க ஒரு வாசலில் நின்றார். அது தொட்டம்மாவின் வாசல். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் விழித்துக்கொண்டு இவரையே பார்த்தாராம். மாதப்பனும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

உச்சிப்பொழுதுக்குள் தொட்டம்மாவின் புருஷன் இறந்துவிட்டார். நெஞ்சு வியாதிக்காரர்தானே என்பீர்கள். நானும் ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். உண்மையை உங்களிடம் சொல்லலாம். அவர் தேறிக்கொண்டிருந்தார். இருமல் நின்றிருந்தது, உடம்பில் சதை பிடித்திருந்தது, இன்னும் பத்து ஊசிதான் பாக்கி. என் கையால் ஊசி போட்டுக்கொண்டவர் ஏன் போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் மாதப்பன் பாதி வழியில் திரும்பி நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. இருபது வீட்டுக் கதவும் சாத்தியிருந்ததாம். பாதையின் குறுக்கே வேலமுள் வெட்டிப் போட்டிருந்தார்களாம். முள்ளுக்கு அந்தப் பக்கம் நாய்கள் வரிசையாக நின்றனவாம். "ஒரு நாய்கூடக் கொலைக்கலைங்க. என்னயப் பாத்துட்டு வால உள்ள விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா நவுந்து போவுதுங்க."

எலி

அன்றோடு நடையை நிறுத்திவிட்டார். டாக்டர் திட்டினார், பயனில்லை. கடை மெத்தையில் மறுபடி உட்கார்ந்தார், குழாயில் மறுபடி செங்கல். அதைவிட மோசம், வாசலில் யாராவது வந்து நின்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். தன் பார்வையிலேயே ஏதோ இருக்கிறது என்று அவருக்கு நினைப்பு. ஒருநாள் காலையில் அவர் மனைவி காவேரி பாயில் ரத்தத்தைப் பார்த்து அலறினாள். தூக்கத்தில் எலி அவருடைய சுண்டுவிரலைக் கடித்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, நுனியே இல்லை. அவர் அசையாமல் தூங்கியிருக்கிறார். இரண்டு மாதம் நான் கட்டுப் போட்டேன். புண் ஆறியது எங்கள் திறமை இல்லை, அதிர்ஷ்டம். இன்னொரு புண் வந்தால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். காவேரி அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஏரிக்கொட்டாய்க்குப் போனேன். வேறு யாரிடமும் பேசப் பயம், தொட்டம்மாவிடமே போனேன். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் அந்த மனிதரை மறுபடி இந்த வழியாக விடுங்கள் என்று எப்படிக் கேட்பது? எப்படியோ எலி கடித்ததைச் சொல்லிவிட்டேன். டீச்சருடைய குடத்தையும் சொன்னேன், மாதப்பன் கையில் ஏதாவது தூக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். தொட்டம்மா கையிலிருந்த சாணியைத் தட்டி முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: "கையில என்னா வச்சிருந்தா எங்களுக்கு என்னாங்க? பேசாமப் போறாரு பாருங்க, அதுதான் உசுர எடுக்குது. ஒவ்வொரு வூட்டு முன்னாலயும் 'சேதி இல்லைங்க'ன்னு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க."

வண்டி செல்லாது

அப்படியே செய்தார். முதல் நாள் நானும் கூடப் போனேன். சாத்திய கதவுகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நின்று "சேதி இல்லைங்க, சேதி இல்லைங்க" என்று அவர் சொல்லிக்கொண்டு போக, உள்ளேயிருந்து பெருமூச்சு விடுகிற சத்தம் வீடு வீடாக எங்களோடு வந்தது. ஒரு மாதத்தில் கதவுகள் திறந்தன. மூன்று மாதத்தில் குழாயில் பச்சை வந்தது. முதன்முதல் நீலம் வந்த அன்று நம்பாமல் இரண்டாம் தடவை காய்ச்சினேன்.

ஆனால் ஏரிக்கொட்டாய் அவரை விடுவதாக இல்லை. அவர் வந்து சொல்கிற வரைக்கும் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று ஆகிவிட்டது. நிஜமான சாவுச் சேதியோடு வேறு ஆள் வந்தாலும், இவர் சொல்லிவிட்டுப் போன பிறகுதானே சேதி வந்தது என்று மாதப்பன் மேல் பழி போடமாட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். பத்து மணிக்குக் கடை வாசலில் நிழல் தட்டியது. எட்டிப் பார்த்தால் ஏரிக்கொட்டாய் ஆண்கள் பதினைந்து பேர் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். காலையிலிருந்து குழந்தைகளுக்குக் கஞ்சி இல்லையாம். காவேரி பதறிப்போய் அவரைப் போர்வை சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றினாள். வண்டியைப் பார்த்துவிட்டு அவர்களில் மூத்தவர் தலையை ஆட்டினார்: "வண்டியில வந்து சொன்னா எப்பிடிங்க நம்பறது? நடந்து வந்து சொல்லுங்க."

இரண்டு கால்

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தார். பண்டிகை, வியாபாரம், மகள் கல்யாணம் எதற்கும் நிற்கவில்லை, நிற்க விடவில்லை. சர்க்கரைக்காரர்களில் அவ்வளவு ஒழுங்காக நடந்தவரை நான் வேறு பார்த்ததில்லை. ஒருமுறை நான் அவரைப் பாராட்டியபோது, அடுப்பில் உலை ஏறாமல் இருபது வீடு காத்திருக்கும்போது படுக்கையில் எப்படி இருப்பது என்று கேட்டார்.

ஒரு தை மாதம், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், நடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் அப்போது ஊரில் இல்லை, என்னைக் கூப்பிட்டார்கள். நான் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தேன். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. காவேரி அவர் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அந்தக் குறைந்துபோன சுண்டுவிரலைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "ரெண்டு காலோட அனுப்பறேங்க. நீங்க மொதல்ல ஏரிக்கொட்டாய்க்குப் போய்ச் சொல்லிருங்க, அங்க அடுப்புப் பத்த வெக்காம நிப்பாங்க."

சேதி

சைக்கிளை எடுத்தவன், என்னவோ போல் இருக்கவே, சுவரில் சாய்த்துவிட்டு நடந்தேன். புங்கமரங்களுக்கு அடியில் நடக்க நடக்க ஒன்று உறைத்தது. வெள்ளை வேட்டி, வெறுங்கை, வேக நடை, பேச்சில்லை. இத்தனை வருஷமாக மாதப்பன் நடந்த அதே கோலத்தில் இன்று நிஜமாகவே அந்த வேலைக்கு ஒரு ஆள் போகிறான், அது நான். எந்த வாசலில் நிற்பது? அவருக்கு அங்கே சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. யாருக்கென்று பெயரைச் சொல்வது?

கொட்டாய் முழுவதும் வெளியே நின்றது. புகை இல்லை, பேச்சு இல்லை, நாய்கள் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தன. ஆனால் அவர்கள் நான் வந்த பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏரிப்பக்கம் வளைந்து போகிற பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பாதையில் யாருமில்லை. என் காலடிச் சத்தம் கேட்டுத் தொட்டம்மா மட்டும் திரும்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவுரு இப்பத்தாங்க இப்பிடிப் போனாரு. இத்தினி வருசத்துல இன்னிக்கித்தான் 'சேதி இல்லைங்க'ன்னு சொல்லாமப் போயிட்டாரு. யாருக்கு என்னா ஆச்சுங்க?"

அன்பர்களே, நம்மை நடக்கச் சொல்லும் டாக்டர்கள் எத்தனை மைல் என்று கோடு போட்டு எழுதுகிறார்களே தவிர, எந்தத் தெரு வழியாக என்று ஒருவரும் எழுதுவதில்லை.